என் சித்தப்பாவின் கேடயமும் அப்பாவின் கயிறும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காவல்துறைக்குக் கலவரத் தடுப்புக் கவசங்கள் வாங்க அரசு நிதி ஒதுக்குவதை நாம் எப்படிப் பார்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தொலைபேசியில் அழைத்த தம்பி, "நீங்க எதிர்த்துதானே அண்ணா பேசுவீங்க?" என்று கேட்டார். "அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாதுப்பா" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போல. நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் என் வீடு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். இப்போது 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியிருக்கிறார்கள். பெயரை மட்டும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஆயுதப்படையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலிருந்து காக்கிச்சட்டை போட்ட முதல் ஆள். அவர் வேலைக்குத் தேர்வான அன்று பாட்டி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். இட ஒதுக்கீடு என்றால் என்ன என்று எனக்குப் புத்தகம் சொல்லித் தருவதற்கு முன்பே அந்தச் சர்க்கரை சொல்லிக் கொடுத்துவிட்டது.

சித்தப்பாவின் வேலையில் பாதி பந்தோபஸ்து. தேர், திருவிழா, தேர்தல், தலைவர்களின் நினைவு நாள், சாலை மறியல். வேனில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் தலைக்கவசங்களை இறக்கிப் போடுவார்களாம். முந்திக்கொண்டவனுக்கு உடையாத கண்ணாடி. பிந்தியவனுக்குக் கிடைப்பது விரிசல் விட்டதோ, வார் அறுந்ததோ, முந்தின ஆளின் வேர்வை காயாததோ. ஆரம்ப காலத்தில் அவர் கையில் இருந்தது பிரம்புக் கேடயம். ஒரு மறியலில் செங்கல் துண்டு நெற்றியில் பட்டு ஐந்து தையல். எறிந்தவர்கள் யார் என்று கேட்டேன். "நம்ம ஆளுங்கதான்" என்றார். அதில் கோபம் இல்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. போராட்டக்காரர்களுக்கு முன்னால் முதல் வரிசையில் நிற்கிற காவலர் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைதான். அவருக்குச் சங்கம் கிடையாது. 1966ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஒன்று, அனுமதி இல்லாமல் காவலர்கள் சங்கம் சேருவதைத் தடுக்கிறது. ஓட்டைத் தலைக்கவசம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அதிகாரியின் வீட்டில் ஆர்டர்லியாகத் துணி துவைக்கச் சொன்னாலும் மறுக்க வழியில்லை. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆர்டர்லி முறையை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தது என்பதைத் தேடிப் படித்துப் பாருங்கள். ஆகவே என் சித்தப்பாவின் தலைக்கு நல்ல கவசம் வேண்டுமா என்றால், வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் அந்த நிதியைக் கேட்கும்போது அரசு சொல்கிற காரணம் வேறு. 'காவலருக்கு நல்ல கவசம் இருந்தால் அவர் பதற மாட்டார், பதறாவிட்டால் சுட மாட்டார், நவீனக் கருவிகள் வந்தால் உயிர்ப்பலி குறையும்' என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தவற்றோடு வைத்துப் பார்ப்போம்.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன மக்கள். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வேன் கூரையில் படுத்துக் குறி பார்த்த மஞ்சள் டி-ஷர்ட் ஆளை நீங்கள் எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். தலையில் கவசமில்லை, மார்பில் கவசமில்லை, உடம்பில் சீருடையே இல்லை. ஆபத்தில் மாட்டிக்கொண்டு பதறியவர் கூரை மீது ஏறி நிதானமாகக் குறி பார்ப்பாரா? உடற்கூறாய்வு அறிக்கைகளை ஆராய்ந்த ராய்ட்டர்ஸ் நிறுவனம், இறந்த 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருப்பதாகவும், அவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டிருப்பதாகவும் எழுதியது. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. தலைக்கவசம் போதாமல் நடந்த சாவுகளா இவை?

2011 செப்டம்பர் 11, பரமக்குடி. இமானுவேல் சேகரன் நினைவு நாள். ஜான் பாண்டியனைக் கைது செய்ததைக் கண்டித்து ஐந்துமுனைச் சந்திப்பில் மறியல். காவல்துறை நடவடிக்கையில் ஆறு பேர் செத்தார்கள். விசாரித்த சம்பத் ஆணையம் துப்பாக்கிச்சூட்டை நியாயப்படுத்தியது. வருடா வருடம் வருகிற, தேதி முன்கூட்டியே தெரிந்த கூட்டம் அது. எதிர்பாராத கலவரம் என்று சொல்லவே முடியாது. தேவர் ஜெயந்தி நடக்கும் அக்டோபர் 30க்கும் இதே மாவட்டத்தில்தான் பந்தோபஸ்து போடுகிறார்கள். இரண்டு நாட்களிலும் ஒரே லத்தி, ஒரே கேடயம். அதைப் பிடித்திருக்கும் கையின் இறுக்கம் ஒன்றுதானா என்பதைத் தென்மாவட்டத் தோழர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலம். அன்றைக்கு 'உயிர் கொல்லாத' கருவியான லத்தியை வைத்துத்தான் மக்களைத் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகவே அரசுத் தரப்பு சொன்னது. ஆற்றின் மேல் பழி. லத்தியின் மேல் இல்லை.

அதனால்தான் 'உயிர் கொல்லாத கருவி' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உதறல் எடுக்கிறது. காஷ்மீரில் 2010ஆம் ஆண்டு வாக்கில் பெல்லட் துப்பாக்கியைக் கொண்டு வந்தபோது துப்பாக்கிக் குண்டுக்கு மாற்றான மனிதாபிமானக் கருவி என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். 2016இல் அந்தச் சின்ன ஈயக்குண்டுகள் எத்தனை பிள்ளைகளின் கண்களைப் பறித்தன என்று உலகமே பார்த்தது. பிறகு குழு போட்டார்கள். மிளகாய் நெடி அடிக்கிற 'பாவா' குண்டுகள் வந்தன. பெல்லட் துப்பாக்கி ஒழிந்ததா? அதுவும் இருந்தது, இதுவும் சேர்ந்துகொண்டது. கடைசிக் கட்டத்தில் மட்டும் எடுக்க வேண்டிய கருவி என்று வாங்குவார்கள். சாகாது என்கிற தைரியத்தில் அதை முதல் கட்டத்திலேயே எடுப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதைச் சித்தப்பாதான் எனக்குச் சொன்னார். நெஞ்சை மூடும் கவசத்தைப் போட்டால் பெயர்ப்பட்டை உள்ளே போய்விடும். முகக்கண்ணாடி இறக்கினால் முகமும் தெரியாது. "அதைப் போட்டதும் கொஞ்சப் பேருக்குக் கை நீளும்டா. யாரு அடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். முப்பது வருடம் அந்த வரிசையில் நின்றவர் சொன்னது. கைது செய்யும் காவலரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதுக்கே அப்படி என்றால், தடியடிக்கு வேண்டாமா? நெஞ்சுக் கவசத்தின் மேலும் தலைக்கவசத்தின் பின்னாலும் நான்கு இலக்க எண்ணைப் பெரிதாக எழுதப் பெயின்டர் கூலி எவ்வளவு ஆகும்?

கவசம் வந்தாலும் ஆபத்து என்கிறாயே, அப்படியானால் காவல்துறையே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை தோழர்களே. நம் ஆட்கள் காவல்துறை வேண்டும் என்று கதறிய நாட்கள் ஏராளம்.

2012 நவம்பர் 7, தருமபுரி, நத்தம் காலனி. இளவரசனும் திவ்யாவும் சாதி மீறித் திருமணம் செய்துகொண்டதற்காக, திவ்யாவின் தந்தை தற்கொலை செய்துகொண்ட அன்று மாலை, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் கொளுத்தினார்கள். பதற்றம் இருந்தது வாரக்கணக்காக. பாதுகாப்புக்கு இருந்த காவலர்களால் எதையும் தடுக்க முடியவில்லை, கூடுதல் படை வந்து சேர்ந்தபோது வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. இந்த வஜ்ரா வாகனம், கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சும் வண்டி எல்லாம் உண்மையிலேயே உயிரையும் உடைமையையும் காப்பாற்றியிருக்கக்கூடிய நாள் ஒன்று உண்டென்றால் அது அந்த நாள். அன்றைக்கு அவை எங்கே நின்றிருந்தன?

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 3ஆம் விதியை அவசியம் படியுங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும், அங்கே சிறப்புக் காவல் படையை நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் மற்றவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும் என்கிறது அது. இன்னும் ஒரு படி மேலே போய், அவசியம் என்றால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கலாம் என்றும் சொல்கிறது. சட்டம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. அந்த அடையாளம் காணப்பட்ட கிராமங்களின் பட்டியலையும் கவசங்கள், வாகனங்கள் வைக்கப்பட்டிருக்கும் இடங்களின் பட்டியலையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள் என்று எந்த ஆய்வு மாணவரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இதுவரை யாரும் செய்யவில்லை. உங்களில் ஒருவர் செய்தால் நல்லது.

சரி, பணத்துக்கு வருகிறேன். மாநிலக் காவல்படைகளை நவீனமயமாக்கும் ஒன்றிய அரசின் திட்டம் 1969-70இலிருந்து நடக்கிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பங்கு. 2021-22 முதல் 2025-26 வரை ஐந்தாண்டுகளுக்கு ஒன்றியத்தின் ஒதுக்கீடு 4,846 கோடி ரூபாய். இது முழுக்கத் தலைக்கவசத்துக்கு என்று சொன்னால் பொய். ஆயுதம், வாகனம், தகவல் தொடர்பு, தடயவியல் கருவிகள் என்று எல்லாம் இதற்குள் வரும். இருக்கட்டும். இன்னொரு கணக்கு. பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களுக்கான 'நமஸ்தே' திட்டம் 2023இல் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்கு, நாடு முழுவதற்கும், சுமார் 350 கோடி. பாதுகாப்பு உடை, கருவி, பயிற்சி, காப்பீட்டு அட்டை எல்லாம் அதற்குள்தான்.

இப்போது அப்பாவின் கதை.

அப்பா வேலைக்குப் போகும்போது அரைக்கால் சட்டை, ஒரு மூங்கில் கழி, ஒரு கயிறு. மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். கரப்பான் பூச்சி உயிரோடு ஓடினால் உள்ளே காற்று இருக்கிறது என்று கணக்கு. அதுதான் அவர்களுடைய விஷவாயு அளவி. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார். மேலே இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு இரண்டு முறை இழுபட்டால் தூக்க வேண்டும். இழுபடாமலே இருந்தாலும் தூக்க வேண்டும், ஆனால் எப்போது என்று தெரியாது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரை அப்படித்தான் தூக்கினார்கள். அன்றைக்குக் கயிற்றின் மேல் முனையைப் பிடித்திருந்தவர் அப்பா. அதைப் பற்றி அவர் ஒருமுறைகூட என்னிடம் பேசியதில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கயிற்றை நகராட்சி வாங்கித் தரவில்லை. சந்தையில் அப்பா காசு போட்டு வாங்கியது. சித்தப்பா ஓய்வு பெற்றபோது அவரிடமிருந்த ஒவ்வொரு பொருளையும் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "உன்கிட்ட என்னண்ணே திருப்பிக் கேட்டாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். "குடுத்தாத்தானே கேக்கறதுக்கு" என்றார் அப்பா.

இது பழைய கதை, இப்போது மாறிவிட்டது என்பார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் உயிருக்கு ஆபத்தான முறையில் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதைக் குற்றம் ஆக்கிவிட்டது. அதன் விதிகளில் காற்றுக்குழாயோடு கூடிய சுவாசக் கருவி, முழு உடல் உடை, வாயு அளவி, பாதுகாப்புப் பட்டை, முக்காலி, முழங்கால் பூட்ஸ் என்று நீளமான பட்டியலே இருக்கிறது. காவலருக்கான கவசப் பட்டியலைவிட நீளம். 2014இல் உச்சநீதிமன்றம் சாக்கடை மரணம் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுக்குப் பிறகான தொகை மட்டும் ஒழுங்காக ஏறுகிறது. 1993 முதல் பதிவான மலக்குழி மரணங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. 200க்கும் மேல். பதிவானது மட்டும். சமூக நீதி மண் என்று மேடையில் பேசும்போதெல்லாம் இந்த எண் என் தொண்டையில் நிற்கும்.

கவனித்தீர்களா, கவசம் என்று வந்துவிட்டால் இரண்டு துறைகளுக்கும் இரண்டு விதமான நியாயம். காவலருக்குக் கவசம் இல்லை என்றால் அது 'நிதிப் பற்றாக்குறை', உடனே தீர்க்க வேண்டிய பிரச்சினை, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை. மலக்குழிக்குள் இறங்கியவரிடம் கவசம் இல்லை என்றால் 'கொடுத்தோம், அவர்தான் போட்டுக்கொள்ளவில்லை', 'ஒப்பந்தக்காரரின் தவறு'. என் சித்தப்பா தலைக்கவசம் அணியாமல் கல்லடி பட்டிருந்தால் எந்த அதிகாரியாவது அப்படிச் சொல்லியிருப்பாரா? சாதி ஒரு வேலையைச் சிலருடைய உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது. ஒட்டி வைத்த உடம்புக்கு அந்த வேலையால் ஆபத்து வரும் என்று இந்தச் சமூகத்துக்குத் தோன்றுவதே இல்லை. நாற்றம் பழகிவிடும், விஷவாயுவும் பழகிவிடும் என்று நினைப்பு.

ஆகவே காவலர் கவச நிதியை எதிர்க்கிறேனா என்றால், வெற்றுக் காசோலையாகக் கொடுப்பதை எதிர்க்கிறேன். தலைக்கும் நெஞ்சுக்கும் காலுக்குமான தற்காப்புக் கவசத்தை ஒரு தலைப்பிலும், மக்கள் மேல் பிரயோகிக்கிற குண்டு, புகை, பெல்லட் எல்லாவற்றையும் தனித் தலைப்பிலும் காட்டட்டும். இப்போது இரண்டையும் 'கலவரத் தடுப்பு உபகரணம்' என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். முதலாவதற்குப் பணம் கொடுங்கள் என்று நானே கையெழுத்துப் போடுவேன், மேலே எண் எழுதியிருந்தால். இரண்டாவது எப்போது, யார் உத்தரவில், எந்த ஊரில் பயன்பட்டது என்ற பதிவு வெளியே வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கூடாது. தூத்துக்குடி ஆணையம் பெயர் சொன்னவர்கள் மீது என்ன நடவடிக்கை என்பதும் அந்த மானியக் கோரிக்கை விவாதத்தில் கேட்க வேண்டிய கேள்விதான்.

இங்கே இருக்கிற உங்களால் இந்த வாரமே ஒன்று செய்ய முடியும். நான் வழக்கறிஞன், அதனால் மனு எழுதச் சொல்வது என் தொழில் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தகவல் உரிமை மனுக்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஒன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு: கடந்த ஐந்தாண்டுகளில் தலைக்கவசம், கேடயம், உடல் கவசம் எத்தனை வாங்கினீர்கள், என்ன செலவு, அடையாள எண் எழுதப்பட்டிருக்கிறதா, வன்கொடுமை வாய்ப்புள்ள பகுதிகளாக அறிவிக்கப்பட்ட ஊர்கள் எவை. இன்னொன்று உங்கள் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ: அதே ஐந்தாண்டுகளில் வாயு அளவி, சுவாசக் கருவி, முழு உடல் உடை எத்தனை, அவை இப்போது எந்த அறையில் இருக்கின்றன, கடைசியாக எந்தத் தேதியில் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது மனுவை நான் ஒரு நகராட்சிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். 'உபகரணங்கள் போதுமான அளவில் உள்ளன' என்று ஒரு வரியில் பதில் வந்தது. எத்தனை என்று மேல்முறையீடு செய்தேன். ஒரு வாயு அளவி, பழுது, என்று வந்தது.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். முதல் மனுவுக்குப் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம். மறுத்த கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும், அதை நான் எழுதித் தருகிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதலில் அந்தத் தம்பி, தொலைபேசியில் கேட்டவர், நீங்களே தொடங்குங்கள்.